பத்து ரூபாய் வெட்டு

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகக் கேட்டது வேலையைப் பற்றியல்ல. குளிர்க் கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "இந்த ரூம்ல ஹீட்டர நிப்பாட்டினது யாருங்க தம்பி?" என்று கேட்டார்.

நாலு வருடத்துக்கு முந்திய தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கனடாவில், வோபர்ன் என்ற இடத்தில் ஒரு ட்றைவிங் ஸ்கூலுக்கு மேலே இருந்த அறை அது. வாயைத் திறந்தால் புகை வந்தது.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் அவை நிப்பாட்டிப்போட்டுப் போவினம் அக்கா. இண்டைக்கு மத்தியானம் போலதான் சூடு வரும்."

"அவங்கன்னா யாரு?"

"பில்டிங் ஆக்கள்."

"பில்டிங் ஆளுங்கன்னா எத்தனையோ பேரு இருப்பாங்க. நிப்பாட்டினது ஒருத்தர்தானே? அவருக்கு ஒரு பேரு இருக்குமில்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கீழே இறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பேனையால் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது. பத்து மணிக்கு முன்னரே அறை சூடாகிவிட்டது. அதே அறையில் நான் இரண்டு குளிர்காலம் நடுங்கியிருக்கிறேன், ஒருநாளாவது கீழே போய் யாரையும் கேட்டதில்லை.

எங்கள் வேலை சுலபமானது. ஒரு பேராசிரியர், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த காலத்து நாடாளுமன்ற விவாதங்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் திட்டமொன்றை நடத்திக்கொண்டிருந்தார். கீழ்ச்சபைத் தொகுதிகளும், செனற் என்று அப்போது அழைத்த மேல்சபைத் தொகுதிகளும் பெட்டி பெட்டியாக வந்திறங்கும். நான் கமராவையும் கணினியையும் பார்ப்பேன். அக்கா பக்கம் புரட்ட வேண்டும். அவ்வளவுதான். தொட்டால் நொறுங்கும் பழைய தாள்களைக் கிழிக்காமல் புரட்டுவதற்குப் பொறுமையான கை வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்தக் கை அக்காவிடம் இருந்தது. ஆனால் கையோடு சேர்ந்து கண்ணும் வந்துவிட்டது. அவர் புரட்டுவதற்கு முன் வாசிப்பார்.

ஊரில் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தவர். ஆங்கிலத்தை மெல்ல மெல்ல, ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசிப்பார். அறுபதுக்கு இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். ஆண்கள் போடும் பெரிய நீலக் கோட்டு, கையை மடித்துவிட்டிருப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய தம்பி இன்னும் இந்த நாட்டில் இருக்கிறார், சில கடதாசிகள் இன்னும் முடியவில்லை.

நாடாளுமன்றப் பதிவுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இடையில் கத்தினால், கத்தியவர் யாரென்று தெரியாவிட்டால், "ஒரு கௌரவ உறுப்பினர்" என்று மட்டும் அச்சிட்டுவிடுவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. அந்த இடம் வந்ததும் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"இங்க பாருங்க தம்பி. பேரு இல்லாம ஒருத்தன் கத்தியிருக்கான். பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குமா தெரியாது?"

"எழுதினவருக்குக் கேக்காமப் போயிருக்கும் அக்கா."

"கேட்டிருக்கும். எழுதியிருக்க மாட்டாங்க."

ஒருமுறை மார்க்கம் வீதியில் நாங்கள் ஏறிய பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். ஐம்பது பேரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினோம். அக்கா மட்டும் சாரதியிடம் போய், யார் இதைத் தீர்மானித்தது, உங்கள் பெயர் என்ன என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் முதலில் முறைத்தார். பிறகு பெயரைச் சொன்னார். மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் நாங்கள் ஏறியபோது அவர் அக்காவைப் பார்த்துத் தலையாட்டி, அக்காவின் பெயரைக் கேட்டார்.

மாசி மாதத்தில் அமைச்சர்களின் சம்பளம் பற்றிய விவாதங்கள் வந்தன. பக்கம் பக்கமாக. அமைச்சருக்கு இவ்வளவு எதற்கு என்று ஒருவர் கேட்பார். குறைத்துக் கொடுத்தால் பணக்காரன்தான் அமைச்சராக வருவான் என்று இன்னொருவர் எழும்புவார். வீடு, கார், சாரதி என்று நீளும். அக்கா இதையெல்லாம் கதைப்புத்தகம் போல வாசித்தார். ஓரிடத்தில் திடீரென்று நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மெம்பரு என்னா சொல்றாரு? அமைச்சர் சம்பளத்துல பத்து ரூபா குறைக்கணும்ங்கிறாரு. பத்து ரூபாயக் குறைச்சு என்னா பண்றது? பைத்தியமா அவரு?"

எனக்கும் தெரியவில்லை. பேராசிரியரிடம் கேட்டுச் சொன்னேன். அது ஒரு முறை. அமைச்சரின் சம்பளம் சபைக்கு வரும்போதுதான் அவருடைய இலாகாவில் உள்ள எந்தக் குறையையும் எழுப்பலாம். சும்மா எழும்பிப் பேச முடியாது, ஒரு தீர்மானம் வேண்டும். அதனால் சம்பளத்தில் பத்து ரூபாய் வெட்டு என்று ஒரு தீர்மானம் கொடுத்துவிட்டு, தன்னுடைய ஊரில் பாலம் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று பேசுவார்கள். கடைசியில் தீர்மானம் தோற்றுப்போகும், அல்லது அவரே திருப்பி எடுத்துக்கொள்வார். ஆனால் பேசியது பதிவில் இருக்கும்.

அக்கா அடிமட்டத்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நல்ல ஏற்பாடு தம்பி," என்றார். "காசு குறையப்போறதில்ல. ஆனா அவரு மொகத்தப் பாத்துச் சொல்லிடலாம்."

அன்றிலிருந்து அது அவருடைய வார்த்தையாகிவிட்டது. நான் பிந்தி வந்தால், "உங்களுக்குப் பத்து ரூபா வெட்டு தம்பி," என்பார். அவர் குடியிருந்த பேஸ்மென்ற்றில் தண்ணீர் ஒழுகியது. வீட்டுக்காரர் ஒரு மாதமாக "ஆக்கள் வருவினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "வாடகையக் கொடுத்தேன். கொடுத்துட்டு, அண்ணே, உங்களுக்குப் பத்து ரூபா வெட்டுன்னு சொல்லிட்டு வந்தேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் நன்றாகச் சிரித்த நாட்கள் அந்த மாதத்தில்தான் இருந்தன.

அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்க சின்னவன்" என்றுதான் சொல்வார். சின்னவருக்கு ஐம்பது வயது. யுத்தம் முடிந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். விட்ட பிறகு யாரோ உறவினர் சேர்ந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். இங்கே அவருடைய விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வந்து இரண்டாம் வருடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அக்கா விசிட்டர் விசாவில் வந்தார், வந்தவர் திரும்பவில்லை. தானும் அகதி விண்ணப்பம் போட்டார். உங்களுக்கு அங்கே ஆபத்து இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அதன்பிறகு தம்பியைக் காட்டி மனிதாபிமான விண்ணப்பம் ஒன்று போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண் வராத நாட்களில் சின்னவரையும் அழைத்து வருவார். அவர் மூலையில் கோட்டோடு உட்கார்ந்து, கமரா மின்னும்போதெல்லாம் கண்ணை மூடித் திறப்பார். அக்கா கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பங்குனியில் ஒருநாள் அக்கா கீழே மருந்துக்கடைக்குப் போய் வரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கதிரை வெறுமையாக இருந்தது. ஜன்னலால் பார்த்தால் சின்னவர் மார்க்கம் வீதியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கின்றன. நான் படிகளில் விழுந்தெழும்பி ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இழுத்தேன். அவர் அசையவில்லை. ஒரு லொறி எங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அக்கா மருந்துப் பையோடு நடைபாதையில் வந்து நின்று, "சின்னவனே" என்று ஒரேயொரு தரம் கூப்பிட்டார். அவர் உடனே நடந்து வந்தார்.

மேலே வந்த பிறகு அக்கா அன்று முழுவதும் ஒரு பக்கமும் புரட்டவில்லை. "நீங்க பாத்தீங்கதானே தம்பி," என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

சித்திரையில் குடியுரிமைச் சட்டங்களின் தொகுதிகள் வந்தன. எந்தப் பெட்டியில் அவை இருக்கின்றன என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது, தொகுதிகளின் முதுகில் எழுதியிருந்த மாதங்களைப் பார்த்து வைத்திருக்கிறார். சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத் தொழிலாளிகளுக்குக் குடியுரிமை இல்லை என்று ஆக்கிய சட்டங்கள். அக்காவின் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அதன்பிறகு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே இருந்து இறந்துபோனார். அக்காவுக்கே முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் குடியுரிமைக் கடதாசி கையில் கிடைத்தது.

"எங்க அப்பா கடைசி வரைக்கும் 'அவங்க எடுத்துட்டாங்க, அவங்க எடுத்துட்டாங்க'ன்னுதான் சொல்லுவாரு," என்று அன்று சொன்னார். "சின்னப் புள்ளையில ஒருநாள் கேட்டேன். அவங்கன்னா யாருப்பான்னு. அவருக்குச் சொல்லத் தெரியல. கோவம் வந்து அடிச்சிட்டாரு. அடிச்சிட்டு அழுதாரு. தோட்டத்துத் துரை பேரு மட்டும்தான் தம்பி அவருக்குத் தெரியும். கொழும்புல யாரு கைய தூக்கினான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அந்தச் சட்டங்களில் ஒன்றுக்கு வாக்கெடுத்த பட்டியல் அச்சாகியிருந்தது. ஆதரித்தவர் ஒரு பக்கம், எதிர்த்தவர் ஒரு பக்கம். அக்கா என்னை நிறுத்தச் சொன்னார். அவரிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் எழுதினார். உச்சரிப்புத் தெரியாத சிங்களப் பெயர்களை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஆதரித்தவர்களின் பக்கத்தில் ஓரிடத்தில் அடிமட்டம் நின்றது.

"இது உங்க ஊர்ப் பேரு மாதிரி இருக்கே தம்பி."

"ஓம் அக்கா."

"இதுவும்?"

"ஓம்."

நான் யாழ்ப்பாணத்தான். அந்த நேரத்து அரசியல் அப்படி, அவர்களுக்கும் நெருக்கடி இருந்தது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் திட்டலங்க," என்றார். "பேரு தெரிஞ்சாப் போதும்."

எழுதி முடித்த பிறகும் அவர் சோரவில்லை. அடுத்த நாள் மேல்சபைத் தொகுதியைத் தானே பெட்டியிலிருந்து எடுத்தார். சட்டம் மேலே போய்த்தான் நிறைவேற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நிறைவேறியதும் தெரியும், அவருடைய குடும்பமே அதற்குச் சாட்சி. அப்படியிருந்தும் அவர் அந்தப் பக்கங்களை வாசித்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. யாராவது ஒருவர் எழும்பி நிறுத்திவிடுவார் என்பது போல, ஒவ்வொரு பேச்சு முடியும்போதும் அடுத்த பக்கத்தைப் புரட்டப் பயந்துகொண்டிருந்தார். புரட்ட வேண்டிய கை தாளின் மேல் அப்படியே இருக்கும். நான் கமரா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் சட்டம் நிறைவேறியது என்று ஒரு வரி. அக்கா எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

பிறகு வந்த தொகுதியொன்றில் மேல்சபைக்கு என்ன அதிகாரம் என்றே ஒரு விவாதம் இருந்தது. கீழே முடிவெடுத்ததை நிறுத்த முடியாத சபை எதற்கு, கலைத்துவிடுங்கள் என்று சிலர். நிறுத்த முடியாவிட்டாலும் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாமே, அதற்குள் கீழே உள்ளவர்கள் இன்னொரு தரம் யோசிக்கலாமே என்று சிலர்.

"புடிச்சு வைக்கவே இல்லையே," என்றார் அக்கா. "ஒரு மாசம் வச்சிருந்தாக்கூட ஒரு மாசம்தானே தம்பி. ஒரு மாசத்துல என்னென்னமோ நடக்கும்."

வைகாசியில் அவருக்குக் கடிதம் வந்தது. மனிதாபிமான விண்ணப்பத்துக்குப் பதில் அல்ல. அதற்கு இன்னும் பதிலே வரவில்லை. இன்ன திகதிக்கு நாட்டை விட்டுப் புறப்படத் தயாராக வர வேண்டும் என்ற கடிதம். மூன்று கிழமை இருந்தது.

கடிதத்தை மேசையில் வைத்து அடிமட்டத்தை வரிக்குக் கீழே நகர்த்தி வாசித்தார். முடிவில் ஒரு கிறுக்கலும் ஓர் இலக்கமும் இருந்தன. பெயர் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் தொலைபேசியும் கையுமாக இருந்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் எடுத்து, அந்தக் கிறுக்கல் யாருடையது என்று கேட்டார். ஒருவர் இன்னொருவரிடம் மாற்றினார், இசை கேட்டது, தொடர்பு அறுந்தது. "அவருக்குச் சின்னவனத் தெரியாதுல்ல தம்பி," என்று என்னிடம் சொன்னார். "தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டாரு. நேர்ல ஒரு தரம் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டா?" நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதைத்தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

இல்லை. தெரியும். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் லோயர் ஒரு இளம்பெண், எங்கள் ஆள்தான். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அக்காவை அனுப்பக்கூடாது என்று நீதிமன்றத்தில் கேட்கப்போவதாகச் சொன்னார். அக்கா இல்லாவிட்டால் தம்பிக்கு என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அக்காவைத் தவிர, வீதியில் நடந்ததைக் கண்டவன் நான் ஒருவன்தான். அக்கா வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டார். கேட்கும்போது எழும்பி நின்றார்.

இருபது வருடத்துக்கு முந்தி இந்த நாட்டில் என்னுடைய அகதி விண்ணப்பத்துக்காக நான் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்திருக்கிறேன். என் தம்பியை ஆமி சுட்டதாக அதில் இருக்கிறது. என் தம்பி பிரான்சில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் எழுதித் தந்ததை நான் ஒப்பித்தேன். இப்போது நான் கனேடியப் பிரஜை, யாரும் என்னைக் கிண்டப்போவதில்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் சத்தியம் செய்வது என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்தப் பழைய பொய்தான் நினைவுக்கு வந்தது.

"இல்லை அக்கா… புரொபசர் ஆக்கள் விரும்பமாட்டினம். வேலை இடத்துப் பிரச்சினை. அவை விடமாட்டினம்."

அவர் என்னைப் பார்த்தார். 'அவங்கன்னா யாரு' என்ற அந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். பேராசிரியர் என்று ஒருவரின் பெயரைச் சொல்லிப் பொய்யை முடித்துவிடவும் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

"சரிங்க தம்பி," என்றார். உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்று மாலை வரை வாசிக்காமலே புரட்டினார். வேலை மிக வேகமாக நடந்தது.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்க் கேக் சாப்பிட்டேன். புதன்கிழமை வேலைக்கு வந்தபோது சின்னவர் மூலையில் இருந்தார். கமராவைப் போட்டவுடன் கண்ணை மூடித் திறந்து, என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் நான் லோயரின் அலுவலகத்துக்குப் போனேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன். லோயர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"தாங்க்ஸ் அண்ணா. நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். உங்கட கதையைக் காட்டி டொக்ரரிட்ட புதுசா ஒரு ரிப்போட் எடுத்திருக்கலாம். இப்ப அவருக்கு நேரமில்லையாம், நாங்கள் நாளைக்கு ஃபைல் பண்ண வேணும்."

"அது பெரிய வித்தியாசமா?"

"சொல்ல ஏலாது அண்ணா."

வழக்கு வீடியோவில் நடந்தது. லோயரின் அலுவலகத்தில் அக்காவும் நானும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அரைமணி நேரம்கூட இல்லை. மறுநாள் தீர்ப்பு வந்தது. கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார், தம்பியின் இப்போதைய நிலையைப் பற்றி மருத்துவச் சான்று முன்வைக்கப்படவில்லை, எனவே மறுக்கப்படுகிறது. நீதிபதியின் பெயர் தெளிவாக அச்சிட்டிருந்தது. அக்கா அதன்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். கொப்பியை எடுக்கவில்லை.

"இப்ப பேரு தெரிஞ்சிருச்சு," என்றார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் ஒரு மனிதர் அப்படிக் கையிரண்டையும் மடியில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை.

போக வேண்டிய நாள் வியாழக்கிழமை. விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். சின்னவரைக் கூட்டிவர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, நகம் வெட்டிவிட்டு, பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டிருக்கிறார். நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். பிந்திவிடுமோ என்று பயந்ததும் நான்தான், அவர் அல்ல.

விமான நிலையத்தை நெருங்கி, டிக்சன் வீதிக்கு இறங்கும்போது சொன்னேன்:

"அக்கா, புரொபசர் ஒண்டும் சொல்லேல்லை. அவரிட்ட நான் கேக்கவே இல்லை. ஒருதரும் மறிக்கேல்லை. நான்தான் பயத்தில நாலு நாள் இழுத்தனான்."

என் தம்பியைப் பற்றியும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். பத்து ரூபாய் வெட்டு என்று சொல்லுவார், சொல்லிவிட்டால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"அன்னிக்கே தெரியும் தம்பி," என்றார் கடைசியில். "ஆனா உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? கோவிச்சுக்கிட்டா சின்னவன யாருகிட்ட ஒப்படைச்சிட்டுப் போறது?"

உள்ளே போகுமிடத்தில் இரண்டு அதிகாரிகள் காத்திருந்தார்கள். மரியாதையானவர்கள். பெட்டியைத் தூக்கி உதவினார்கள். அக்கா அவர்களிடம் பெயரும் கேட்கவில்லை, வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்த நீலக் கோட்டைக் கழற்றி, என்னிடம் கொடுக்கச் சொல்லி ஓர் அதிகாரியிடம் கொடுத்தனுப்பினார். ஆனி மாதம், வெயில் காலம். அதை ஏன் போட்டுக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது.

மனிதாபிமான விண்ணப்பம் அவர் போன பிறகும் கிடப்பில் கிடந்தது, இன்னும் கிடக்கிறது. சின்னவரை ஒஷாவாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். முதல் கிழமை அவர் வாசலில் நின்றார். இரவும் பகலும் நின்றதால் கால் வீங்கிவிட்டது. பிறகு நிற்பதை விட்டுவிட்டுப் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பிடவில்லை. ஊசியால் சேலைன் ஏற்றினார்கள். இல்லத்துப் பெண் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கேயும் எவ்வளவு நாள் என்று தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை நான் சோறும் பருப்பும், கரட் சம்பலும் கட்டிக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். அவரைத் தூக்கி இருத்தினேன். எலும்பு கையில் தட்டியது. சோற்றைக் குழைத்துக் கையால் ஊட்டினேன். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. துடைத்துவிட்டு இன்னொன்று வைத்தேன். அதைக் கனநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். ஒரு மணி நேரத்தில் இன்னும் மூன்று வாய். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. ஹற்றனில் ஒரு தூரத்து உறவினரின், தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் இருக்கிறார். சுற்றிவர மழை இரைந்தது, ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"சாப்பிட்டானா தம்பி?"

"ஓம் அக்கா. நல்லாச் சாப்பிட்டவர். கோப்பை முழுக்க முடிச்சவர்."

"பொய் சொல்லாதீங்க," என்றார். "ஜெயில்ல இருந்து வந்ததுலேர்ந்து அவன் யாரு கொடுத்தாலும் நாலு வாய்க்கு மேல வாங்க மாட்டான். என்கிட்டயும் நாலுதான். நாலு வாங்கினானா? அத மட்டும் சொல்லுங்க."

"நாலு வாங்கினவர் அக்கா. முதல் வாய் துப்பிப்போட்டார். அதுக்குப் பிறகு நாலு."

"நாலா?"

"நாலு."

அந்தப் பக்கத்தில் அவர் அழத் தொடங்கினார். அதுவரை நான் அவர் அழுது கேட்டதில்லை. நான் தொலைபேசியைச் சின்னவரின் காதில் வைத்துப் பிடித்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கை சோர்ந்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.